இல்லாத தாத்தாவுக்கு வாய்ப்புண்

ஓய்வு பெற்றவர்கள்தான் அனுபவக் கட்டுரை எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். அது சரியான முடிவுதானா என்று இன்னும் தெரியவில்லை. என் நாற்காலிக்கு வந்திருக்கும் கோகிலா, வழியனுப்பும் நாளில் மைக்கைப் பிடித்து "நம்ம ரிட்டயர்டு அக்கா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். அதோடு விடாமல் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டாள். சீக்கிரமே டாக்டரும் நோயாளியும் கம்ப்யூட்டர் திரையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசப் போகிறார்களாம். வெறும் போனை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று எழுத வேண்டுமாம். சமாளித்தோமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் குழம்பிவிட்டு, இதில் வரும் ருக்குமணியக்காவிடமே கேட்டேன். "பேரை மாத்திப்போட்டு எழுதுங்க அம்மணி" என்றார். மாற்றிவிட்டேன். கடைக்காரர் பெயரையும் மாற்றிவிட்டேன். சோமனூரை மட்டும் மாற்றவில்லை. தறிச் சத்தத்தில் போனில் கத்திப் பேச வேண்டியிருக்கும் ஊரில்தான் இந்தக் கதை நடக்க முடியும்.

எங்களுடையது புற்றுநோய் ஆஸ்பத்திரி. பெருந்துறையிலிருந்தும் அன்னூரிலிருந்தும் நோயாளிகள் இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். டாக்டரம்மா நாலு நிமிடம் பார்த்து "நல்லா இருக்கீங்க, போயிட்டு வாங்க" என்பார். திரும்பவும் அதே இரண்டு பஸ். இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தான் டாக்டரம்மா தொலைபேசிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஒரு மேசை, ஒரு போன், ஒரு கட்டு மஞ்சள் அட்டை, நான். பயிற்சி பதினைந்து நாள். அதில் பன்னிரண்டு நாள் போன் இணைப்பு வரவில்லை.

வேலை இதுதான். ஒரு முறை மருந்து ஏற்றியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவில், குறித்த நாளில் குறித்த நேரத்தில் நோயாளியைக் கூப்பிட வேண்டும். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், சாப்பாடு, வயிறு, தூக்கம், வலி என்று ஏழு கேள்வி. எட்டாவதாக, "இப்படிப் போனிலேயே பார்த்துக்கொள்வது உங்களுக்குத் திருப்தியா?" அதற்கு மூன்று கட்டங்கள்: திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை. பிற்பகல் இரண்டே முக்காலுக்கு டாக்டரம்மா அட்டைகளைப் படிப்பார். ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமுமாக ஒரு பென்சில் வைத்திருப்பார். நீலக் கோடு போட்டால் வீட்டிலேயே இருக்கலாம். சிவப்புக் கோடு போட்டால் உடனே வரச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர். மனதில் பட்டதைச் சொல்லிவிடும் ஊர். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதை அவருக்குப் பிடிபடவே இல்லை. முதல் மாதத்து அட்டைகளை மொத்தமாகப் புரட்டிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்ல யாருக்குமே வலிக்காதா?"

எல்லா அட்டையிலும் ஒரே பதில்தான் இருந்தது. "நெம்ப நல்லாருக்கறேனுங்க. நீங்க நல்லாருக்கீங்களா? சாப்புட்டீங்களா?" மூன்றாவது கட்டம் ஒன்றில்கூட டிக் இல்லை. அன்னூர் விவசாயி ஒருவருக்கு மூன்று கட்டத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார். "அந்தக் கடைசிக் கட்டம் சும்மாவே கெடக்குதுங்களா? பாவம், அதுலயும் ஒண்ணு போட்டுக்கங்க."

டாக்டரம்மா எனக்கு ஒரு விதி போட்டார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். "கேட்ட உடனே வர்றது மரியாதை. அஞ்சு எண்ணினதுக்கு அப்புறம் வர்றதுதான் பதில். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

என்னால் முடியவில்லை. மறுமுனை பேசாவிட்டால் லைன் போய்விட்டதோ என்று தோன்றும். இரண்டு எண்ணுவதற்குள் ஆளே போய்விட்டாரோ என்று தோன்றும். மூன்றில் நானே பேசிவிடுவேன். அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தேன், ஒன்றின் மேல் மட்டும் நம்பிக்கை வைக்க முடியாமல். இப்படிப்பட்ட மனுஷியிடம் மௌனமாக இரு என்றால்?

பெருந்துறைப் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் வாய் தவறி மகளுக்குச் சளி என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அவர்தான் என்னிடம் ஏழு கேள்வி கேட்பார். பாப்பா தூங்குதுங்களா, வயிறு எப்படீங்க, பால் குடிக்குதுங்களா. நானும் அட்டையில் எழுதிக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு நாள் இரண்டே முக்காலுக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"பெருந்துறைக்காரருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தெட்டு டாக்டர்."

"பல் முளைக்குது, ராத்திரி சிணுங்கல்னு எழுதியிருக்கே."

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் ருக்குமணியக்கா வந்தார். சோமனூர். வீட்டோடு எட்டு விசைத்தறி. வீட்டுக்காரர் தறியை விட்டு நகராதவர். மகன் சிவராஜுக்குப் பெண் பார்க்கும் வயது. அக்காவுக்கு மார்பில் கட்டி எடுத்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்தோம். அவருடைய பயம் நோயைப் பற்றியது அல்ல. தெருவுக்குத் தெரிந்தால் மகனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான். தலைமுடி கொட்டியதற்கு, பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தார். இரண்டு மாதமாகியும் முடி ஏன் வளரவில்லை என்று கேட்டவர்களுக்கு, மறுபடியும் வேண்டுதல்.

வீட்டில் போன் இல்லை. தெருமுனையில் சென்னியப்பன் மளிகைக் கடையில்தான் இருந்தது. நான் கூப்பிட்டால் சென்னியப்பன் எடுத்து, ஆள் அனுப்பி அக்காவைக் கூட்டி வருவார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டும். கடையில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

வழியை அக்காவே கண்டுபிடித்தார். "செவ்வாய்க்கெழமையானா கோயமுத்தூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க பேசறாங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க."

ஆஸ்பத்திரி மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அட்டையின் பின்பக்கம் ஒரு பட்டியல் போட்டோம். எல்லாம் நலம் என்றால், "எங்களுக்குச் சம்மதந்தானுங்க." வாந்தி என்றால், "பெரியவங்க கலந்து பேசோணுமுங்க." வாய்ப்புண் என்றால், "பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?" காய்ச்சல் என்றால், "எங்களுக்கு இந்த எடம் வேண்டாமுங்க." அது ஒன்றுதான் முக்கியம் என்று மூன்று தடவை சொன்னேன். மருந்து ஏற்றிய பத்தாம் நாளையொட்டி ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோயிருக்கும். அப்போது வரும் காய்ச்சலை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் உயிருக்கே ஆபத்து. அக்கா மூன்று தடவையும் தலையாட்டினார். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நீலக் கோடு போட்டார்.

அக்கா பிரமாதமாகப் பேசினார். பட்டியலில் இல்லாததையெல்லாம் பேசினார். "நாங்க ஒண்ணும் கேக்கறதில்லீங்க, பொண்ணு வந்தாப் போதும்." பின்னால் கடையில் யாரோ ஆமோதிப்பது எனக்குக் கேட்கும். மூன்றாவது வாரம், பெண் பி.காம். என்று நானும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா குரலில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மூன்றாம் சுற்று மருந்து ஏற்றிப் பதினோராம் நாள். செவ்வாய், பகல் ஒன்றரை மணி. அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, காய்ச்சல் எதும் இருக்குதுங்களா?"

பதில் இல்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் வாய் திறந்துவிட்டது. "இல்லைதானுங்களே அக்கா? எல்லாம் நல்லாத்தானே இருக்குது?"

"பாக்கலாமுங்க" என்றார் அக்கா. "யோசிச்சுச் சொல்றோமுங்க."

பட்டியலில் அது இல்லை. இல்லாததைப் பேசுவது அவருக்குப் பழக்கம்தானே என்று நினைத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதி, 'பரவாயில்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, மகள் தூங்கினாளா என்று கேட்க வீட்டுக்குப் போன் போட்டேன்.

இரண்டே முக்கால். டாக்டரம்மா சோமனூர் அட்டையில் நின்றார்.

"யோசிச்சுச் சொல்றோம்னா என்னம்மா அர்த்தம்?"

"அது வந்து டாக்டர், எங்க பக்கம் ஒரு சம்பந்தம் பிடிக்கலைன்னா நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டோம். எதுத்தாப்புல இருக்கறவங்க மனசு கஷ்டப்படும்னு, யோசிச்சுச் சொல்றோம்னு..."

டாக்டரம்மா ஏற்கெனவே பென்சிலைச் சிவப்பு முனைக்குத் திருப்பியிருந்தார்.

அக்கா சொல்லத்தான் செய்திருக்கிறார். நாலு பேர் முன்னால் ஒரு பெண் வீட்டாரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் வீட்டார் இந்த உலகத்திலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்று மணிக்குக் கடைக்குப் போன் போட்டேன். சென்னியப்பன் எடுத்தார்.

"ஏனுங்ணா, பொண்ணு ஊட்ல இருந்து பேசறேன். ருக்குமணியக்காவை உடனே கோயமுத்தூருக்குத் தாட்டி விடுங்க. பொண்ணு பாக்க."

"இப்பவுங்களா?"

"இப்பவே."

"அம்மணி, இன்னிக்குச் செவ்வாய்க்கெழமைங்க. இன்னிக்குப் போயி யாராச்சும் பொண்ணு பாப்பாங்களா?"

"பரவாயில்லீங்ணா."

"அதுவுமில்லாம மூணு மணிக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுப்போச்சுங்க. நாலரை வரைக்கும் நான் இந்தத் தாக்கலையே சொல்ல மாட்டேனுங்க. அந்தப் பையன் நல்லாருக்கோணும்."

மனிதர் நல்லெண்ணத்தில் மலைபோல நின்றார். கெஞ்சினேன், அசையவில்லை. எதிரில் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அழுகையோடு என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"பொண்ணோட தாத்தாவுக்கு முடியலைங்ணா. மாப்பிள்ளையை இன்னிக்கே பாக்கோணும்கறாரு. நாளைக்கு இருப்பாரோ என்னமோ."

"அடக் கடவுளே. அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா? எந்த ஆஸ்பத்திரிங்க?"

வேறு வழியில்லாமல் பெயரைச் சொன்னேன். கொங்கு நாடு முழுக்க அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான். மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும்தான். அன்று முதல் முறையாக ஐந்து வரை எண்ணினேன். விதிக்காக அல்ல, பேச நா எழவில்லை.

"தாத்தாவுக்குக் கேன்சருங்களா" என்றார் மெதுவாக. பிறகு, "அதனால என்னுங்க. சீக்கு யாருக்குத்தான் வராது. ருக்குமணிக்கா அதையெல்லாம் பாக்கற ஆளு இல்லீங்க. நானே காரு புடிச்சுக் கூட்டிட்டு வாரேன்."

ஐந்து மணிக்கு ஓர் அம்பாசிடர் வந்து நின்றது. முதலில் சென்னியப்பன் இறங்கினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் மனைவி, பூக்கூடை. தெருப் பெண்கள் இரண்டு பேர், தேங்காய்த் தட்டு. ஜரிகை வேட்டியில் சிவராஜ். அவனுக்கு உண்மை தெரியும் என்பதால் முகம் வெளுத்திருந்தது. அதை வந்தவர்கள் மாப்பிள்ளை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ருக்குமணியக்கா. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, தலையைச் சுற்றிய துணியில் குத்திய மல்லிகை. கையைப் பிடித்தேன், சுட்டது.

வாசலுக்கே வந்துவிட்ட டாக்டரம்மா தட்டையும் பூவையும் பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

"பொண்ணு பாக்க வந்தவங்க டாக்டர்."

"இங்கயா?"

"ஆமா டாக்டர்."

அவர் அக்காவின் நெற்றியில் கை வைத்தார். "வந்த எடத்துல இவங்களுக்குக் காய்ச்சலா இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார். நூற்று இரண்டு டிகிரி. கால் மணி நேரத்தில் கையில் ஊசி ஏறி, பாட்டில் தொங்கியது.

வெளியே என் பாடு தனி. தெருப் பெண்கள் நடைக்கூடத்தில் நடந்துபோன ஒவ்வொரு நர்ஸையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். உயரம் போதாது என்று ஒருத்தியைக் கழித்தும் விட்டார்கள். அது அவளுக்கு இன்றுவரை தெரியாது. சென்னியப்பன் பழத்தோடு எழுந்தார்.

"தாத்தாவை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேனுங்க."

அப்போதுதான் வெளியே வந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"தாத்தாவை யாருமே பாக்க முடியாது" என்றார் அவர்.

சென்னியப்பன் பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மூடியிருந்த ஏதோ ஓர் அறைக் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். அது எங்கள் துணி வெளுக்கும் அறை.

ஆறாம் நாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னார். அட்டையை எடுத்துக்கொண்டு அக்காவின் கட்டில் அருகே போனேன். எட்டாவது கேள்வியைக் கேட்டேன்.

"நெம்ப திருப்திங்க" என்றார்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்றில் உதட்டைக் கடித்தேன். நான்கு. ஐந்து.

"ஒரு கொறை இருக்குதுங்க" என்றார் அக்கா, போர்வையை மடித்தபடி. "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. வாந்தின்னு நான் மொதல்ல ஒரு தடவை சொன்னப்ப, போன்ல உங்க குரல் அப்படியே நடுங்கிப்போச்சு. கைக்கொழந்தைக்காரி, நம்மளால பயந்துக்குதேன்னு இருந்துது. அதுக்கப்புறம் பாதியைச் சொல்றதில்லீங்க."

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்னூர், பெருந்துறை, சோமனூர் என்று அத்தனை பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 'திருப்தி இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். "இத்தனை மாசத்துல நான் நம்புற முதல் அட்டை இது."

அதன்பிறகு குரலை அடக்கப் பழகினேன். முழுக்க வந்தது என்று சொல்ல முடியாது. பெண் வீட்டுப் பேச்சைக் கைவிடத்தான் நினைத்தோம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் போனை எடுத்ததும், "தாத்தா எப்படி இருக்காருங்க?" என்றார். தாத்தாவை எப்படிக் கொல்வது? "பரவாயில்லீங்ணா" என்றேன். வாராவாரம் கேட்டார். வாராவாரம் தாத்தா பரவாயில்லாமல் இருந்தார்.

ஐந்தாம் சுற்று முடிந்த ஒரு செவ்வாய். நான் பேசுவதற்கு முன்பே சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். தறிச் சத்தத்தில் காதை அழுத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"அம்மணி, நம்ம தாத்தாவுக்கு நாலு நாளா வாய்ப்புண்ணாட்ட இருக்குதுங்க. மோரைத் தவிர ஒண்ணும் எறங்கறதில்லை. நேத்து வாங்குன ரவையைக்கூடக் கடையில திருப்பிக் குடுத்துப்போட்டாருங்க."

கோயமுத்தூரில் சாகக் கிடக்கும் தாத்தா சோமனூர் கடையில் எப்படி ரவையைத் திருப்பிக் கொடுத்தார் என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளையாக எண்ணத் தொடங்கினேன். மூன்றுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஐந்து வரை காத்திருந்தார்.

"நான் சொன்னதாச் சொல்லீராதீங்க" என்றார். "தாத்தா சங்கடப்படுவாரு."

அப்புறம் ருக்குமணியக்கா வந்து, "எங்களுக்குச் சம்மதந்தானுங்க" என்றார் உற்சாகமாக. நான் அட்டையில் வாய்ப்புண் என்று எழுதினேன். யார் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். தாத்தா என்றேன். மருந்து எழுதிக் கொடுத்தார்.

போன தை மாதம் சிவராஜுக்கு நிஜமான பெண்ணோடு கல்யாணம் ஆனது. பந்தியில் என் பக்கத்து இலை சென்னியப்பனுடையது. என் மடியில் மகள் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுத அனுமதி கேட்டபோது ருக்குமணியக்கா இன்னொன்றும் சொன்னார். "சென்னியப்பனுக்குத் தெரியுமுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. பூக்கூடை கொண்டாந்தவங்க அத்தனை பேருக்குமே தெரியும். எனக்குத் தெரிஞ்சுதுன்னா அவங்களுக்குச் சங்கடமாப் போயிருமேன்னுதான் நான் ஒண்ணும் சொல்லலை." பட்டுப்புடவையோடு காரில் ஏறிய அன்று, அந்தத் தெருவில் ஏமாந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே கோகிலா, திரை வரட்டும், நல்லதுதான். ஆனால் முகம் தெரிந்தால் இன்னும் அழகாகச் சிரித்துக்கொண்டு நல்லாருக்கறேன் என்பார்கள். எண்ணு. உன் முகத்தையும் பார்த்துக்கொள், அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

பந்தியில் சென்னியப்பன் என்ன சொன்னார் என்பதை எழுத மறந்துவிட்டேன். மேடையில் ருக்குமணியக்கா வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். தலையில் துணியெல்லாம் இல்லை. புதிதாக வளர்ந்த முடி சுருள் சுருளாகக் கழுத்தை மறைத்திருந்தது. சென்னியப்பன் ரசத்தை உறிஞ்சி முடித்து அவரையே ஒரு நிமிடம் பார்த்தார்.

"தாத்தாவுக்கு முடியெல்லாம் நல்லா வந்துருச்சுங்க அம்மணி" என்றார்.